எச்டி பேனல்ல இருக்குற டிஜிட்டல் ஓவர்கரண்ட் ரிலே: உள்ள என்ன நடக்குது, செட்டிங் எப்டி போடறது, ட்ரிப் ஆனா என்ன பாக்கணும்

ராணிப்பேட்டை சிப்காட்ல, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்து டேனரில, இல்ல காட்பாடி சைடு ஏதாவது பெரிய காலேஜ்ல, எந்த எச்டி (ஹை டென்ஷன், 11 கேவி பக்கம்) ரூம்முக்குள்ள போனாலும் விசிபி (11 கேவி லைன தெறந்து மூடற ப்ரேக்கர்) பேனல் கதவுல கையகலத்துக்கு ஒரு பொட்டி, சின்ன டிஸ்பிளேவோட இருக்கும். அது தான் நியூமரிக்கல் ரிலே, டிஜிட்டல் ரிலேன்னும் சொல்வாங்க, கரண்ட் அளவ தாண்டுனா விசிபிய தெறக்க சொல்றது இது தான். பேனல்காரன் கமிஷனிங்குக்கு வந்தப்ப ஏதோ நெம்பர போட்டுட்டு போயிருப்பான், அதுக்கப்புறம் அத தொட்டவங்க யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு நாள் ட்ரிப் ஆவும். "இன்னாபா இது, சும்மா சும்மா உழுந்துகினே கீது"ன்னு முதலாளி கத்துவாரு, யாராவது போயி செட்டிங்க ஒரு படி ஏத்தி விட்டுடுவாங்க, அடுத்த மாசம் இன்னொரு படி. இப்டி ஏத்தி ஏத்தி கடைசில ரிலே இருக்கும், ஆனா பாதுகாப்பு இருக்காது. நெசமா ஷார்ட் ஆகும்போது நம்ம விசிபி சும்மா நிக்கும், ஈபி சப்ஸ்டேஷன்ல ஃபீடர் விழும், நம்மளால பக்கத்துல இருக்குற பத்து ஃபேக்டரிக்கும் கரண்ட் போகும்.

அதனால இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயம் தான்: ரிலே செட்டிங்குங்கறது ரிலே மேனுவல்ல இருந்து வராது, அது உங்க ட்ரான்ஸ்ஃபார்மர், சிடி (கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்), கீழ எல்டி (433 வோல்ட்) பக்கம் இருக்குற ஏசிபி (ஏர் ப்ரேக்கர்), மேல இருக்குற ஈபி ரிலே இந்த நாலுல இருந்து தான் வரும். ஒரு 500 கேவிஏ சர்வீஸ எடுத்து முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கணக்கு போட்டு காட்றேன், உங்க நெம்பர நீங்க மாத்தி போட்டுக்குங்க.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். எச்டி பேனல்ல கை வைக்கறது லைசென்ஸ் இருக்குற ஆளு, முறையா ஷட்டவுன் வாங்கி, எர்த் பண்ணி செய்யற வேல. கணக்கு யாரு வேணா போடலாம், ஸ்க்ரூட்ரைவர யாரு வேணா எடுக்க கூடாது.

ரிலே உள்ள என்ன நடக்குது

பழைய சிடிஜி ரிலே பாத்தவங்களுக்கு தெரியும், உள்ள ஒரு அலுமினிய டிஸ்க்கு இருக்கும், கரண்ட் அதிகமானா சுத்த ஆரம்பிக்கும், எவ்ளோ அதிகமோ அவ்ளோ வேகமா சுத்தி போயி கான்டாக்ட்ட தொடும், ட்ரிப். நம்ம வீட்டு பழைய ஈபி மீட்டர்ல சுத்துமே அதே தத்துவம். டிஜிட்டல் ரிலேல சுத்தற எதுவும் கெடையாது, அதே வேலைய கணக்கா செய்யுது.

வரிசையா சொன்னா, லைன்ல போற கரண்ட்ட பேனல்ல இருக்குற சிடி 1 ஆம்பியர் இல்ல 5 ஆம்பியர் அளவுக்கு கொறச்சி ரிலேவுக்கு அனுப்புது. ரிலேக்குள்ள இன்னொரு குட்டி சிடி அத இன்னும் கொறச்சி சின்ன வோல்டேஜா மாத்துது. அப்புறம் ஒரு ஃபில்டர், உயர்ந்த ஃப்ரீக்வென்சி சத்தத்த எல்லாம் இங்கயே வெட்டிடும், இல்லன்னா சாம்பிள் எடுக்கும்போது இல்லாத ஒரு அலை இருக்கற மாதிரி தப்பா தெரியும். அடுத்து ஏடிசி, அலைய நெம்பரா மாத்தற சிப்பு. நம்ம 50 ஹெர்ட்ஸ்ல ஒரு சைக்கிள் 20 மில்லிசெகண்ட், அதுக்குள்ள ரிலே 16 தடவ அளந்தா 1.25 மில்லிசெகண்டுக்கு ஒரு சாம்பிள். சில ரிலே இன்னும் அதிகமா எடுக்கும்.

இந்த சாம்பிள வெச்சி ப்ராசசர் ஃபூரியே கணக்கு போட்டு 50 ஹெர்ட்ஸ் பகுதி எவ்ளோன்னு மட்டும் பிரிச்சி எடுக்குது. இது ஏன் முக்கியம்னா, ஷார்ட் ஆன முதல் சில சைக்கிள்ல கரண்ட் நேரா நடுக்கோட்டுல ஆடாது, டிசி மாதிரி ஒரு பகுதி மேல ஏறி உக்காந்து ஒரு பக்கமா இழுத்துகினு போகும், கூடவே விஎஃப்டி (மோட்டர் வேகத்த மாத்தற டிரைவ்), யுபிஎஸ் எல்லாம் கக்கற ஹார்மோனிக்ஸும் (50 ஹெர்ட்ஸோட மடங்குல வர்ற அலைங்க) இருக்கும், அந்த மொத்த உயரத்த அப்டியே நம்புனா ரிலே தேவையில்லாம உழும். ஒரு முழு சைக்கிள் பாத்து முடிவெடுக்கறதால தான் இன்ஸ்டன்டேனியஸ்னு பேரு இருந்தாலும் ரிலேவுக்கு 30, 40 மில்லிசெகண்ட் ஆகுது, அதுக்கு மேல விசிபி தெறக்க ஒரு 50, 60. ஆக மொத்தம் ஏறக்குறைய பத்துல ஒரு வினாடி.

டைம் டிலே இருக்குற ட்ரிப்புக்கு, அதாவது 51-க்கு, கதை வேற. இப்ப வர்ற கரண்ட்டுக்கு எவ்ளோ நேரத்துல ட்ரிப் ஆவணும்னு ஃபார்முலால பாக்கும், அந்த நேரத்துல இந்த சின்ன இடைவெளி எத்தன பங்கோ அத ஒரு கணக்குல கூட்டிகினே போகும், கூட்டல் 1 ஆனதும் ட்ரிப். நடுவுல கரண்ட் ஏறி எறங்குனாலும் கணக்கு சரியா இருக்கும், ஏன்னா ஒவ்வொரு நொடித்துளியும் அப்போதைய கரண்ட்ட வெச்சி தான் சேருது. பழைய டிஸ்க்கு கரண்ட் நின்ன பிறகும் சுத்துன வேகத்துல கொஞ்சம் ஓடி போயி தொட்டுடும், இதுல அந்த வம்பு இல்ல, அதனால தான் மேல கீழ ரிலேக்களுக்கு நடுவுல 0.4 வினாடி விட்ட இடத்துல இப்ப 0.3, சமயத்துல 0.25 விட்டா போதும்னு ஆச்சி.

இந்த மாதிரி மைக்ரோப்ராசசர் ரிலே வியாபாரத்துக்கு வந்தது 1984-ல, அமெரிக்காவுல எட்மண்ட் ஷ்வைட்சர் கொண்டு வந்தாரு, அது லைன் பாதுகாப்புக்கான ரிலே. நம்ம ஊரு பேனலுக்கு எறங்கி வர இன்னும் ரொம்ப வருஷம் ஆச்சி.

நெம்பர் மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க: 50-ன்னா உடனே ட்ரிப், 51-ன்னா நேரம் எடுத்து ட்ரிப், பின்னாடி என் (N) எழுத்து வந்தா எர்த் ஃபால்ட்டு, 86-ன்னா லாக் அவுட், கையால ரீசெட் பண்ணாம விசிபிய மூட விடாது.

முதல் படி: தகவல் சேக்கறது

இத ஒழுங்கா செஞ்சா பாதி வேல முடிஞ்சிது. ட்ரான்ஸ்ஃபார்மர் நேம் பிளேட்ல கேவிஏ, வோல்டேஜ், சதவீத இம்பீடன்ஸ், வெக்டர் குரூப் (வைண்டிங் எப்டி கட்டியிருக்குங்கறது) எழுதிக்கோங்க. நம்ம உதாரணம்: 500 கேவிஏ, 11 கேவி / 433 வோல்ட், 5 சதவீதம், டிஒய்என்11.

எச்டி ஃபுல் லோடு = 500 ÷ (1.732 × 11) = 26.2 ஆம்பியர்
எல்டி ஃபுல் லோடு = 500 ÷ (1.732 × 0.433) = 667 ஆம்பியர்

எல்டி பஸ்பார்ல மூணு ஃபேஸும் ஷார்ட் ஆனா எவ்ளோ வரும்? ஃபுல் லோட 0.05 ஆல வகுத்தா போதும், எல்டில 13,300 ஆம்பியர், அதே நேரம் எச்டி பக்கம் 525 ஆம்பியர். இந்த 525 தான் இந்த மொத்த கணக்குக்கும் அச்சாணி, பெருசா எழுதி வட்டம் போட்டு வெச்சிக்கோங்க. மேல சோர்ஸ்ல இருக்குற இம்பீடன்ஸையும் சேத்தா இன்னும் கொஞ்சம் கொறையும், நமக்கு இது போதும்.

அடுத்து ஈபி ஆபீஸ்ல கேட்டு வாங்க வேண்டியது ரெண்டு: உங்க சர்வீஸ் பாயிண்ட்ல ஃபால்ட் லெவல் (அங்க ஷார்ட் ஆனா எவ்ளோ வரும்ங்கறது, எம்விஏல) எவ்ளோ, உங்க ஃபீடர் ரிலே செட்டிங் என்ன. போர்டு பேரு எத்தன தடவ மாறுனாலும் நமக்கு அது ஈபி தான். வாய்ல கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க, லெட்டர் குடுங்க. உதாரணத்துக்கு 100 எம்விஏன்னு வெச்சிக்குவோம், அப்ப 11 கேவி பக்கம் ஷார்ட் ஆனா 100,000 ÷ (1.732 × 11) = ஏறக்குறைய 5,250 ஆம்பியர்.

கீழ எல்டி ஏசிபியோட ரிலீஸ் செட்டிங்க போயி நேர்ல பாருங்க, ட்ராயிங்க நம்பாதீங்க. நம்மளுது 800 ஆம்பியர் ஏசிபி, ஓவர்லோடு 667 கிட்ட, ஷார்ட் டைம் டிலே 0.2 வினாடின்னு வெச்சிக்குவோம்.

ரெண்டாவது: சிடி

ரிலே எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் சிடி பொய் சொன்னா ரிலேவும் பொய் தான் சொல்லும். பேனல் சிடில பொதுவா ரெண்டு கோர் இருக்கும், ஒண்ணு மீட்டருக்கு, கிளாஸ் 0.5 மாதிரி, இன்னொண்ணு ப்ரொடெக்ஷனுக்கு, 5பி20 மாதிரி. மீட்டர் கோர வேணும்னே சீக்கிரம் சாச்சுரேட் ஆவற (அதுக்கு மேல கரண்ட்ட சரியா காட்ட முடியாம நின்னுடற) மாதிரி தான் செஞ்சிருப்பாங்க, ஷார்ட்டுல மீட்டர் கெடாம இருக்க. ரெண்டு கோரும் டெர்மினல்ல மாத்தி போட்டிருந்தா சாதாரண நாள்ல ஒரு வித்தியாசமும் தெரியாது, ஃபால்ட் வர்ற அன்னிக்கி தான் ரிலேவுக்கு கரண்ட்டே போய் சேராது. அதனால டெர்மினல்ல எஸ்1, எஸ்2 நெம்பர சிடி நேம் பிளேட்டோட ஒத்து பாக்கறத விட்டுடாதீங்க.

5பி20-ல அந்த 20-ன்னா, சொன்ன பர்டன்ல (சிடி செகண்டரில மாட்டியிருக்குற லோடு), ரேட்டிங்க விட 20 மடங்கு வரைக்கும் தப்பு 5 சதவீதத்துக்குள்ள இருக்கும்னு அர்த்தம். இப்ப பாருங்க, லோடு 26 ஆம்பியர் தானேன்னு 50/1 சிடி போட்டா 1,000 ஆம்பியர் வரைக்கும் தான் அது ஒழுங்கு, ஆனா 11 கேவி பக்கம் ஷார்ட் ஆனா வர்றது 5,250. சிடி அலைய வெட்டிடும், வெட்டுன அலைல 50 ஹெர்ட்ஸ் பகுதி கொறச்சலா தெரியும். பழைய ரிலேல கொறைஞ்ச செட்டிங் வெக்க முடியாதுங்கறதால லோடுக்கு பக்கத்துல சிடி எடுத்தாங்க, இப்ப ரிலே 0.1 மடங்குல இருந்தே செட் ஆவுது, அதனால 100/1 எடுத்துக்கறது தான் என் கட்சி. முடிஞ்சா அதுக்கும் மேல. கேக்கறப்போ பேனல்காரன் 50/1 ஸ்டாக் இருக்குன்னு சொல்வான், கேக்காதீங்க. இனிமே கணக்கெல்லாம் 100/1, 5பி20.

சிடி செகண்டரிய லோடு ஓடும்போது தெறந்து விட்டா ஆயிரக்கணக்கான வோல்ட் வந்து நிக்கும், ஆள் போயிடும், சிடியும் வெடிக்கும். டெஸ்ட் பிளாக்ல ஷார்ட்டிங் லிங்க் போட்ட பிறகு தான் ரிலே ஒயர கழட்டணும். ஸ்டார் பாயிண்ட்ட ஒரே ஒரு எடத்துல தான் எர்த் பண்ணணும், ரெண்டு எடத்துல பண்ணா எர்த் ஃபால்ட் ரிலே பேய் புடிச்ச மாதிரி ஆடும்.

மூணாவது: 51, அதாவது டைம் ட்ரிப்

இங்க ரெண்டு நெம்பர் போடணும், எந்த கரண்ட்ல எண்ண ஆரம்பிக்கணும்ங்கற பிக்கப், எவ்ளோ நேரத்துலங்கற டிஎம்எஸ் (டைம் மல்டிப்ளையர்). வளைவு நாலு வகை: நார்மல் இன்வெர்ஸ், வெரி இன்வெர்ஸ், எக்ஸ்ட்ரீம்லி இன்வெர்ஸ், லாங் டைம். ஈபி பக்கம் பெரும்பாலும் நார்மல் இன்வெர்ஸ் தான் இருக்கும், அதே வளைவுல நாமளும் இருந்தா ஒத்து போறது சுலபம். அதோட ஃபார்முலா:

நேரம் = டிஎம்எஸ் × 0.14 ÷ (மடங்கின் 0.02 அடுக்கு − 1)

மடங்குன்னா வர்ற கரண்ட் ÷ பிக்கப். ஃபோன் கால்குலேட்டர படுக்க வெச்சா அடுக்கு போடற பட்டன் வரும்.

பிக்கப்ப வழக்கமா எல்லாரும் ஃபுல் லோடுக்கு 1.2 மடங்குன்னு போட்டுடுவாங்க, 31.5 ஆம்பியர், 100/1-ல 0.32. இங்க தான் நின்னு யோசிக்கணும். டேனரில பெரிய டிரம்ம தோலும் தண்ணியும் ரொப்பி வெச்சி ஸ்டார்ட் பண்ணுவாங்க, கூடவே பம்பு, கம்ப்ரசர். ஒரு 100 எச்பி மோட்டர் இருக்குன்னு வெச்சிக்கோங்க, ஓடும்போது 135 ஆம்பியர், டிஓஎல்ல, அதாவது முழு வோல்டேஜ நேரா குடுத்து ஸ்டார்ட் பண்ணா ஆறு மடங்கு, 810. மத்த லோடு 530 ஓடிகினு இருக்கு, மொத்தம் 1,340 எல்டில, எச்டி பக்கம் 1,340 × 0.433 ÷ 11 = 52.7 ஆம்பியர். பிக்கப் 32-ன்னா மடங்கு 1.65, டிஎம்எஸ் 0.2 வெச்சா 2.8 வினாடில விசிபி விழுந்துடும், மோட்டர் இன்னும் வேகம் புடிச்சிருக்கவே மாட்டான். ஸ்டார் டெல்டான்னா (கொறஞ்ச வோல்டேஜ்ல ஆரம்பிக்கற முறை) ஸ்டார்ட்டிங் மூணுல ஒரு பங்கு, 270, மொத்தம் 800, எச்டில 31.5. நம்ம பிக்கப் மேலயே வந்து உரசுது பாருங்க. சும்மா சும்மா உழுதுன்னு சொல்ற கேஸ்ல நிறைய இது தான்.

அதுக்காக ரெண்டு மடங்குக்கு ஏத்தறதும் தப்பு. ஓவர்லோட பாக்கறது யார் வேலன்னு முடிவு பண்ணுங்க. 667-ல செட் பண்ண எல்டி ஏசிபி இருக்கு, ட்ரான்ஸ்ஃபார்மர்ல எண்ணெய், வைண்டிங் டெம்பரேச்சர் அலாரம் இருக்கு. வேலூர் கத்திரி வெய்யில்ல 40 டிகிரிய தாண்டும்போது ட்ரான்ஸ்ஃபார்மர் எவ்ளோ சூடாச்சின்னு ஓவர்கரண்ட் ரிலேவுக்கு தெரியாது, அதுக்கு கரண்ட் மட்டும் தான் தெரியும். எச்டி ரிலே ஃபால்ட்டுக்கு, ஓவர்லோடுக்கு இல்ல. அதனால 0.38, அதாவது 38 ஆம்பியர், ஃபுல் லோடுக்கு ஏறக்குறைய 1.45 மடங்குன்னு வெக்கறேன். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டு கீழயே நின்னுடும், டிஓஎல்னாலும் 4 வினாடிக்கு மேல டைம் கெடைக்கும். பத்தலன்னா சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடுங்க, ரிலேவ கெடுக்காதீங்க.

இப்ப டிஎம்எஸ். எல்டி பஸ்ல ஷார்ட், எச்டில 525. ஏசிபி 0.2 வினாடில போகணும், போகலன்னா தான் நம்ம விசிபி போகணும், நடுவுல 0.3 விட்டா 0.5 வினாடி. மடங்கு 525 ÷ 38 = 13.8, டிஎம்எஸ் 1-ன்னா 2.6 வினாடி வருது, நமக்கு 0.5 வேணும், 0.5 ÷ 2.6 = 0.19, கொஞ்சம் தூக்கி 0.20. அப்ப 0.52 வினாடி. ட்ரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் சர்க்யூட்ட 2 வினாடி தாங்கணும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது, அதுக்குள்ள நல்லாவே இருக்கோம்.

மேல பாருங்க. ஈபி ஃபீடர் பிக்கப் 400 ஆம்பியர், டிஎம்எஸ் 0.1-ன்னு குடுத்தாங்கன்னா 525-க்கு அவங்க ரிலே 2.5 வினாடிக்கு மேல எடுக்கும். நாம 0.52-லயே முடிச்சிடுவோம். சந்தோஷம்.

நாலாவது: 50, உடனடி ட்ரிப்

இதோட வேல 11 கேவி பக்கத்து ஷார்ட்ட மட்டும் பாக்கறது, கேபிள் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபார்மர் புஷ்ஷிங், எச்டி வைண்டிங். எல்டி ஃபால்ட்டுக்கு இது வாயே தெறக்க கூடாது, அப்ப 525-க்கு மேல இருக்கணும், டிசி பகுதிக்காக 1.3 மடங்கு வெச்சா 682, ரவுண்டா 700 ஆம்பியர், ரிலேல 7. ட்ரான்ஸ்ஃபார்மர சார்ஜ் பண்ணும்போது வர்ற இன்ரஷ் ஃபுல் லோடுக்கு 10, 12 மடங்குன்னு எடுத்தா 315 வரைக்கும் தான், அதுவும் தாண்டியாச்சி. 11 கேவில ரெண்டு ஃபேஸ் ஷார்ட்டுன்னா மூணு ஃபேஸ்ல 0.866 பங்கு, 4,500 சொச்சம் வரும், 700-க்கு ரொம்ப மேல. டிலே பூஜ்யம்.

கரண்ட் வந்து விசிபிய மூடனதும் டப்புன்னு விழுதுன்னா நிறைய பேரு இந்த 50-ய 3, 4 மடங்குன்னு கொறச்சி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். செகண்ட் ஹார்மோனிக் பிளாக்னு ஒரு வசதி ரிலேல இருந்தா இன்ரஷ்ஷ அடையாளம் கண்டு நிறுத்தி வெக்கும், ஆனா 700-ல இருந்தா அது தேவையே படாது.

இங்க ஒரு உண்மைய சொல்லணும். 11 கேவி பக்கம் பெரிய ஷார்ட்டுன்னா ஈபி ஃபீடரோட 50-ம் அதே நேரத்துல பாக்கும், ரெண்டும் சேந்தே விழ வாய்ப்பிருக்கு. நம்மால செய்ய முடிஞ்சது நம்ம பக்கம் டிலே இல்லாம வெக்கறது தான்.

அஞ்சாவது: எர்த் ஃபால்ட்

இது ரொம்ப பேரு பயந்து பெருசா வெக்கற எடம், உண்மைல இங்க தான் தைரியமா சின்னதா வெக்கலாம். டிஒய்என்11 ட்ரான்ஸ்ஃபார்மர்ல எச்டி பக்கம் டெல்டா, எல்டில எங்க எர்த் ஆனாலும் அந்த ஜீரோ சீக்வென்ஸ் (எர்த்து வழியா திரும்பற கரண்ட்) டெல்டாவ தாண்டி மேல வராது. அதனால 51என், 50என் ரெண்டும் எல்டியோட ஒத்து போக வேண்டியதே இல்ல. 51என்-க்கு 0.2, அதாவது 20 ஆம்பியர், 0.2 வினாடி. டிலே எதுக்குன்னா இன்ரஷ்ல மூணு சிடியும் ஒரே மாதிரி நடந்துக்காது, இல்லாத எர்த் கரண்ட் கொஞ்ச நேரம் தெரியும். 50என்-க்கு 100 ஆம்பியர், உடனடி. ஈபி எர்த் ஃபால்ட் செட்டிங் இதவிட சென்சிட்டிவா இருந்தா நீங்க இன்னும் கீழ எறங்கணும்.

நம்ம பக்கம் மண்ணு வேற பாறை. வெய்யில் காலத்துல பாலாறே மணலா கெடக்கும்போது எர்த் பிட்டு எப்டி இருக்கும், தண்ணி ஊத்தற ஆளு கூட இருக்க மாட்டான். காஞ்ச பாறை மேல 11 கேவி கம்பி அறுந்து விழுந்தா சில ஆம்பியர் தான் வரலாம், எந்த ஓவர்கரண்ட் ரிலேவும் அத பாக்காம போகலாம். ரிலே ட்ரிப் ஆவலன்னா லைன் செத்துடுச்சின்னு நெனச்சி கிட்ட போவாதீங்க.

ஆறாவது: ரிலேல போட்டு, டெஸ்ட் பண்றது

சிடி ரேஷியோ 100/1, ஃப்ரீக்வென்சி 50-ன்னு போட்டு, வேண்டாத ஃபங்ஷன் எல்லாம் ஆஃப் பண்ணுங்க. எந்த எலிமென்ட் எந்த அவுட்புட் கான்டாக்ட்ட இழுக்கணும்ங்கற மேட்ரிக்ஸ பாருங்க, ரிலே ட்ரிப்புன்னு காட்டுது ஆனா விசிபி நகரலன்னா பாதி கேஸ்ல 51 வெறும் அலாரத்துக்கு மட்டும் போட்டிருப்பாங்க. ட்ரிப் ஆனதும் 86 உழணும்.

செகண்டரி இன்ஜெக்ஷன் கிட்டால டெஸ்ட் பிளாக் வழியா கரண்ட் விட்டு பாக்கறப்போ வர வேண்டியது:

0.76 ஆம்பியர், ரெண்டு மடங்கு: 2.0 வினாடி
1.9 ஆம்பியர், அஞ்சு மடங்கு: 0.86 வினாடி
3.8 ஆம்பியர், பத்து மடங்கு: 0.59 வினாடி
7 ஆம்பியருக்கு கொஞ்சம் மேல: உடனே

எவ்ளோ தப்பு இருக்கலாம்னு மேனுவல்ல போட்டிருப்பான், 5 சதவீதம் சுத்துவட்டாரத்துல இருக்கும். ஒவ்வொரு ஃபேஸா பண்ணுங்க, அப்ப 51என், 50என் ரெண்டும் குறுக்க வந்து முதல்ல விழும், டெஸ்ட் முடியற வரைக்கும் ரெண்டையும் ஆஃப் பண்ணி, முடிஞ்சதும் மறக்காம ஆன் பண்ணுங்க. 7 ஆம்பியர ரொம்ப நேரம் விடாதீங்க, இன்புட் சூடாவும்.

கடைசி டெஸ்ட்ல நெசமாவே விசிபி தெறக்கணும். ரிலே லைட்டு எரிஞ்சா ஆச்சின்னு கிளம்பற டெஸ்டிங் ஆளுங்க இருக்காங்க. ட்ரிப் காயிலுக்கு டிசி எங்க இருந்து வருது, பேட்டரியா, பவர் பேக்கா, அது உயிரோட இருக்கா? 11 கேவில ஷார்ட் ஆகும்போது ஏசி சப்ளை படுத்துடும், ஏசிய நம்பி இருக்குற ட்ரிப் சர்க்யூட்டு அதோட சேந்து படுத்துடும். பேட்டரி செத்த பேனல்ல எவ்ளோ வெலையுள்ள ரிலே இருந்தாலும் அது ஒரு அம்மீட்டர் தான். ட்ரிப் சர்க்யூட் சூப்பர்விஷன் ரிலேல இருந்தா ஒயர் இழுத்து போட்டுடுங்க.

டேனரிகாரங்களுக்கு தனியா ஒண்ணு. சுண்ணாம்பு சல்ஃபைடு வேல நடக்கற எடத்துல அழுகுன முட்டை வாசன வருமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வெச்சிடும், டெர்மினல், கான்டாக்ட், போர்டு எதையும் விடாது. எச்டி ரூம்ம பீம் ஹவுஸ் (இந்த சுண்ணாம்பு வேல நடக்கற கட்டடம்) பக்கத்துல கட்டாதீங்க, கட்டியாச்சின்னா கதவு பீடிங், கேபிள் ஓட்டை எல்லாம் அடைங்க, வருஷா வருஷம் டெர்மினல டைட் பண்ணும்போது கலர பாருங்க.

ட்ரிப் ஆச்சி, இப்ப என்ன

ரீசெட் பட்டன தொடறதுக்கு முன்னாடி டிஸ்பிளேவ ஃபோன்ல ஃபோட்டோ எடுங்க. எந்த எலிமென்ட், மூணு ஃபேஸ்லயும் எவ்ளோ ஆம்பியர், எத்தன மணிக்கு. அந்த மூணு நெம்பர் கதையே சொல்லும், நம்ம ட்ரான்ஸ்ஃபார்மருக்கு இப்டி வரும்:

மூணு ஃபேஸும் 525 பக்கம்னா எல்டி பஸ்ல மூணு ஃபேஸ் ஷார்ட், ஏசிபி ஏன் விழலன்னு முதல்ல பாருங்க. ஒரு ஃபேஸ் 525, மத்த ரெண்டும் அதுல பாதி, 262 பக்கம்னா எல்டில ரெண்டு ஃபேஸ் ஒட்டிகிச்சி. ரெண்டு ஃபேஸ் 303, மூணாவது கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லன்னா எல்டில ஒரு ஃபேஸ் எர்த்து, இதுக்கு நம்ம 51 ஏறக்குறைய 0.66 வினாடி எடுத்திருக்கும். மேல இருக்குற லோடு கரண்ட்டும் ஆர்க் ரெசிஸ்டன்சும் இந்த நெம்பர கொஞ்சம் கலைக்கும், அமைப்பு மாறாது. ஆயிரக்கணக்குல இருந்து 50 விழுந்திருந்தா எச்டி பக்கம் தான், கேபிளும் ட்ரான்ஸ்ஃபார்மரும் மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்ட்) பண்ணாம மறுபடி சார்ஜ் பண்ணவே பண்ணாதீங்க. 51என் விழுந்ததுன்னா எல்டி பக்கம் தேடி நேரத்த வீணாக்காதீங்க, எல்டி எர்த்து இங்க வராதுன்னு மேலயே பாத்தோம்.

45, 55 ஆம்பியர்ல 51 விழுந்திருந்தா அது ஃபால்ட்டே இல்ல, லோடா இருக்கும், அதுவும் இல்லன்னா ஸ்டார்ட்டிங்கா இருக்கும். கரண்ட் போயி வந்ததும் எல்லா டிரம்மும் ஒண்ணா ஸ்டார்ட் ஆகுதான்னு பாருங்க, ஸ்டார்ட்டர்ல டைமர் வெச்சி ஒண்ணு ஒண்ணா எடுத்தா போதும். இதுக்கு தான் செட்டிங்க ஏத்தி ஏத்தி கெடுத்து வெச்சிருப்பாங்க.

டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டுன்னு அலைவடிவம் சேமிக்கிற வசதி இருந்தா லேப்டாப்ல எறக்குங்க, சிடி சாச்சுரேட் ஆச்சா, இன்ரஷ்ஷான்னு கண்ணால பாத்துடலாம்.

கணக்கு போட்ட தாள், டெஸ்ட் ரிப்போர்ட், ரிலேல இருந்து எறக்குன செட்டிங் ஃபைல் மூணையும் ஒரே ஃபைல்ல போட்டு ஒரு காப்பி எச்டி ரூம்ல மாட்டுங்க, பாஸ்வேர்ட 0000-ல விடாதீங்க. ட்ரான்ஸ்ஃபார்மர 750 கேவிஏவா மாத்துனா, ஏசிபி ரிலீஸ் மாத்துனா, ஈபிகாரங்க உங்கள வேற ஃபீடருக்கோ புது சப்ஸ்டேஷனுக்கோ மாத்தி விட்டா 525-ல இருந்து மறுபடி ஆரம்பிக்கணும். ரிலே கடிகாரத்தையும் அப்பப்ப சரி பண்ணுங்க, நிறைய பேனல்ல அது ஏதோ ஒரு வருஷம் ஜனவரி ஒண்ணாந்தேதிலயே நின்னுகினு இருக்கும், அப்புறம் சப்ஸ்டேஷன் லாக் புக்கோட எந்த ட்ரிப்பையும் ஒத்து பாக்க முடியாது.